ஐடிலிங்கில் உறுமி அடங்கும் கார்: ஏர் எங்கே எடுக்கிறது?

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையிலிருந்து தினமும் திருப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வண்டி 2011 மாடல் வேகன்-ஆர், பெட்ரோல். இரண்டு மாதமாக, என்ஜின் சூடான பிறகு சிக்னலில் நியூட்ரலில் நின்றால் தானாக உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது. ஏசி போட்டால் கொஞ்சம் அடங்கும். ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. ஒரு பட்டறையில் பிளக் எல்லாம் மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "கோளாறு எண் (கோடு) எதுவும் வரலை, என்ஜின் கம்ப்யூட்டர் ஈசிஎம்தான் போயிருக்கும்" என்கிறார்கள். வீடியோக்களில் வேக்குவம் லீக் என்று சொல்லி, கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டிலேயே பார்க்க முடியுங்களா? அப்புறம், முன்பு வண்டியில் எல்பிஜி கிட் இருந்தது, போன வருஷம் கழற்றிவிட்டோம். அப்பாவின் டீசல் பொலிரோவிலும் இந்தக் கோளாறு வருமா?

பதில்:

வணக்கம் அம்மணி. ஈசிஎம்முக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எல்பிஜி கிட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அதில்தான் நின்றது. பட்டறையில் அதைச் சொன்னீர்களோ என்னவோ. சொல்லியிருந்தால் பிளக்கில் கை வைப்பதற்கு முன்னால், என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டை ஒரு தரம் குனிந்து பார்த்திருப்பார்கள்.

வண்டியில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, காற்றுவழியை மூடித் திறக்கும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். உள்ளே பிஸ்டன்கள் காற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால், த்ராட்டிலுக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிட மிகக் குறைவாக இருக்கும். அதுதான் வேக்குவம். அந்த இடத்தில் ஒரு ஹோஸ் வெடித்திருந்தாலோ, பேக்கிங் விட்டிருந்தாலோ, வெளிக்காற்று த்ராட்டிலைக் கேட்காமல் உள்ளே புகுந்துவிடும். பட்டறையில் இதை 'ஏர் எடுக்குது' என்பார்கள். ஐடிலிங்கில் என்ஜினுக்கு வேண்டிய காற்றே கொஞ்சம்தான். சின்ன ஓட்டை வழியாக வருவதும் அதில் பெரிய பங்காகிவிடுகிறது. ஓடும்போது த்ராட்டில் திறந்து காற்று நிறையப் போகும், வேக்குவமும் குறையும். அதே ஓட்டை அப்போது கணக்கிலேயே வராது.

உறுமுவது சரி, ஏன் அடங்கி அடங்கி உறுமுகிறது? கூடுதல் காற்று புகுந்ததும் ஆர்பிஎம், அதாவது என்ஜின் சுழலும் வேகம், ஏறுகிறது. ஈசிஎம் தன் கட்டுப்பாட்டில் இருக்கிற ஐடில் காற்றுவழியை மூடி அதை இறக்கப் பார்க்கிறது. முழுக்க மூடியும் இறங்கவில்லை. ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை, ஆர்பிஎம் மட்டும் உயரத்தில் நிற்கிறது. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். சிவன்மலை இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கும்போதும் இதே நிலைதான். அந்த மாதிரி நேரத்தில் வீணாகப் பெட்ரோல் போக வேண்டாமென்று, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை நிறுத்திவிடும்படிதான் அதற்கு எழுதி வைத்திருக்கிறார்கள். சிக்னலில் நிற்கும் உங்கள் வண்டியிலும் அப்படியே நிறுத்துகிறது. ஆர்பிஎம் விழுகிறது. வண்டி ஆஃப் ஆகிவிடக் கூடாதே என்று திரும்பப் பெட்ரோல் விடுகிறது. திருட்டுக் காற்றுதான் இருக்கிறதே, மறுபடி ஏறுகிறது.

ஏசி போட்டால் கம்ப்ரசர் பாரம் என்ஜின்மேல் விழும். ஆர்பிஎம் பெட்ரோலை நிறுத்தும் அளவுக்கு ஏறாது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஈசிஎம்மே ஐடிலை உயர்த்தி வைத்திருப்பதால் குறை வெளியே தெரியாது. சூடானதும், ஏசி இல்லாமல், நின்றால் மட்டும் வருகிறது என்று நீங்கள் கவனித்து எழுதிய மூன்றும் ஒரே பக்கம்தான் கையைக் காட்டுகின்றன.

ஸ்கேனரில் கோடு வராததற்கும் காரணம் உண்டு. வீடியோக்களில் காட்டுகிற வண்டிகளில் பல, உள்ளே வரும் காற்றை ஃபில்டருக்குப் பக்கத்திலேயே அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் வைத்தவை. ஓட்டை வழியாகப் புகும் காற்று அந்த அளவில் சேராது. அதனால் பெட்ரோல் குறைந்து, 'லீன்' என்று பி0171 கோடு வரும். உங்கள் வண்டியில் இருப்பது மேனிஃபோல்டின் அழுத்தத்தையே அளக்கும் மேப் சென்சார். எந்த வழியாகக் காற்று வந்தாலும் மேனிஃபோல்டுக்குள் வந்த பிறகு அதற்குத் தெரிந்துவிடும், ஈசிஎம்மும் அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுத்துவிடும். கலவை பெரிதாகக் கெடாது, ஐடில்தான் தூக்கும். ஆகவே இந்த மாதிரி வண்டியில் கோடு இல்லையென்றால் லீக் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கோடு இல்லாததை வைத்து ஈசிஎம் போச்சு என்று சொல்வது அதைவிட மோசம்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைச் செட்டுக்குள் வைத்துப் பார்க்காதீர்கள், புகை அடைந்து ஆளைச் சாய்த்துவிடும். வாசலில் சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வையுங்கள். துப்பட்டாவை எடுத்து வைத்துவிட்டுக் கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். அப்பா உதவிக்கு வந்தால் தோளில் துண்டு வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றும். சீட்டில் ஒருவர் இருக்கட்டும், நீங்கள் கை காட்டினால் சாவியை அணைக்க.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூன்றைப் பார்த்துவிடலாம். ஆக்ஸிலேட்டர் கேபிள் த்ராட்டில் பக்கம் விறைப்பாக இல்லாமல் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். த்ராட்டில் பாடியில் தகடு வந்து முட்டி நிற்கும் குட்டி ஸ்க்ரூவை யாராவது திருப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதன்மேல் கம்பெனி பெயிண்டு உடைந்திருந்தால் பழைய ஐடில் ஸ்க்ரூ ஞாபகத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது கூலன்ட். எல்பிஜி கிட்டில் திரவ கேஸை ஆவியாக்கி அழுத்தம் குறைக்கும் ரெடியூசருக்கு என்ஜின் வெந்நீர் போவதற்கு ஹீட்டர் ஹோஸை வெட்டி 'டீ' (மூன்று வாய் இணைப்பு) போட்டிருப்பார்கள். கழற்றியபோது திரும்ப இணைத்த இடத்தில் ஒழுகினாலும், உள்ளே காற்று அடைத்திருந்தாலும் டெம்பரேச்சர் சென்சார் தவறாகச் சொல்லி இதே மாதிரி உறுமல் வரும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மூன்றும் சரியாக இருந்தால், ஏர் எடுக்கிறதா இல்லையா என்பதை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம். ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் பாடிக்கு வரும் தடித்த ரப்பர் குழாயைத் த்ராட்டில் பக்கம் கழற்றுங்கள். சென்சார் ஒயர்களைப் பிடுங்க வேண்டாம். என்ஜினைச் சூடாக்கி ஐடிலிங்கில் விட்டு, த்ராட்டிலின் வாயைப் பட்டையான தடித்த ரப்பர் ஷீட்டால் முழுக்க மூடுங்கள். வெறும் உள்ளங்கை வேண்டாம், துணி கூடவே கூடாது, இழுத்துக்கொள்ளும். வாயை மூடினால் என்ஜின் உடனே திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அதற்குக் காற்று வேறு வழியில் கிடைக்கிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத் தவறவிட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள். என்ஜினின் ஆயில் புகையை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி ஹோஸ் ஒன்று உண்டு. நீங்கள் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டதால் அந்த வழியாக நியாயமாகவே காற்று போகும். ஆகவே த்ராட்டிலை மூடும் நேரத்தில் பிசிவி ஹோஸையும் மூக்குப் பிளையரில் துணி சுற்றி அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் பக்கத்திலிருந்து ஐடிலுக்கென்று தனியாக ஒரு குழாய் வந்தால் அதையும்தான்.

எல்லாவற்றையும் அமுக்கியும் ஓடுகிறதா? சந்தோஷம், லீக் உறுதி. குழாயைத் திரும்ப மாட்டிவிட்டுத் தேட ஆரம்பியுங்கள்.

முதலில் காது. அரை விரல் தடிமன் ரப்பர் டியூப் இரண்டு மூன்று அடி எடுத்து, ஒரு முனையைக் காதோரம் வைத்து மறுமுனையை ஹோஸ் ஹோஸாக, இணைப்பு இணைப்பாக நகர்த்துங்கள். 'ஸ்ஸ்' என்ற உறிஞ்சல் சத்தம் அந்த இடத்தில் பளிச்சென்று கேட்கும். ஃபேன் பக்கம் டியூபைக் கொண்டு போகாதீர்கள்.

அப்புறம் விரலும் பிளையரும். மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஹோஸையும் அது கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே அமுக்கிப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒன்று. எதை அமுக்கினால் உறுமல் நிற்கிறதோ அந்த வரிசையில்தான் குறை. ஹோஸிலேயே இருக்கலாம், அது போய்ச் சேரும் பொருளிலும் இருக்கலாம். பெட்ரோல் டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றுவிட்டால் வெளியே ஓட்டையே இல்லாமல் ஏர் எடுக்கும். அதை அமுக்கித்தான் கண்டுபிடிக்க முடியும். தோட்டத்தில் நிற்கிற வண்டி என்பதால் ஹோஸ்களின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். மேலே நன்றாக இருக்கும், கீழே எலி கடித்து வைத்திருக்கும். இதற்கு மட்டும் என்ஜினை அணைத்துவிட்டுக் கையை விடுங்கள்.

பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகிற பெரிய ஹோஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும், இது உயிர் விஷயம். என்ஜினை அணைத்துவிட்டுப் பிரேக்கை நாலைந்து முறை மிதித்தால் பெடல் கல்லாகிவிடும். காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றாலோ, பெடலை மிதிக்கும்போது டேஷ்போர்டுக்கு அடியில் 'ஸ்ஸ்' கேட்டாலோ அந்த வண்டியில் திருப்பூர் போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

ஹோஸ் எல்லாம் சரியென்றால் தண்ணீர். துணி தேய்க்கும்போது தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் போதும். மேனிஃபோல்டு என்ஜினோடு சேரும் பேக்கிங் ஓரம், த்ராட்டில் பாடியின் அடிப்பாகம், இன்ஜெக்டர் உட்காரும் இடம் என்று ஒவ்வொன்றாகக் கொஞ்சமாகத் தெளித்துச் சில விநாடிகள் நின்று கவனியுங்கள். தண்ணீர் அந்த இடுக்கை ஒரு கணம் அடைக்கும், சத்தம் மாறும், ஐடில் இறங்கும். பஞ்சர் பார்ப்பது போல் நுரை வரும் என்று சோப்புத் தண்ணீரோடு காத்திருக்காதீர்கள். டியூபில் காற்று வெளியே வருகிறது, இங்கே உள்ளே போகிறது. பிளக்குக்குப் பொறி தரும் காயில், ஆல்டர்னேட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் தெளிக்க வேண்டாம்.

கார்ப் கிளீனர் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பட்டறைகளில் அடிப்பார்கள், நானும் அடிப்பேன், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கும். ஓட்டை வழியாக அது உள்ளே போய் எரிந்து ஆர்பிஎம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் பழைய காயிலிலிருந்து பொறி கசிந்தாலோ எக்ஸாஸ்ட் சூட்டில் பட்டாலோ பானெட்டுக்குள் தீப்பிடிக்கும். அதோடு, தானாகவே ஏறி இறங்குகிற என்ஜினில் ஸ்ப்ரேயால் ஏறியதா, தானாக ஏறியதா என்று உங்களால் சொல்ல முடியாது. பெட்ரோலைத் துணியில் நனைத்துப் பார்ப்பது, வீட்டுச் சிலிண்டர் டியூபைக் கொண்டு வந்து காட்டுவது, இவற்றையெல்லாம் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஊதுபத்திப் புகை எங்கே உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் வித்தையும் ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் நெருப்புக் கங்கைக் கொண்டுபோவதே தப்பு. அதுபோக, காற்றாடி மின்சாரம் எடுக்கிற நம் பக்கத்து ஆடிக் காற்றில் எந்தப் புகை நேராக நிற்கும்?

சரி, என் சந்தேகத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் இருந்தது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக கேஸ் விடும் சீக்வென்ஷியல் கிட் என்றால், மேனிஃபோல்டின் மூன்று கைகளிலும் ஒவ்வொரு துளை போட்டுப் பித்தளை நோசில் மாட்டியிருப்பார்கள். அதோடு ஒரு வேக்குவம் ஹோஸை வெட்டி, ரெடியூசருக்கும் கிட்டின் சென்சாருக்கும் 'டீ' போட்டு வழி எடுத்திருப்பார்கள். கிட்டைக் கழற்றும்போது இந்தத் துளைகள் என்ன ஆயின என்பதுதான் கேள்வி. ஒழுங்காகச் செய்பவர்கள் மரை போட்ட பிளக் வைப்பார்கள். அவசரக்காரர்கள் நோசிலை அப்படியே விட்டு, அதன்மேல் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகி, மறுமுனையில் ஒரு ஸ்க்ரூவைத் திருகிவிட்டுப் போய்விடுவார்கள். இல்லாவிட்டால் எம்-சீல் உருண்டை. முதல் சில மாதம் நிற்கும். என்ஜின் சூடாகி ஆறிச் சூடாகி ரப்பர் வெடிக்கும், எம்-சீல் விளிம்பில் விடும். கிட் கழற்றிப் பல மாதம் கழித்துக் கோளாறு ஆரம்பித்ததும் அதனால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். டார்ச் அடித்து மேனிஃபோல்டின் கைகளை என்ஜினோடு சேரும் இடம்வரை பாருங்கள், அடிப்பக்கம் தெரியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பிடித்து. மூன்று அடைப்புகளிலும் தண்ணீர் தெளியுங்கள். பழைய மிக்ஸர் கிட் என்றால் அது த்ராட்டிலுக்கு முன்னால் உட்காருவது, மேனிஃபோல்டில் துளை இருக்காது. அப்போது வேக்குவம் ஹோஸில் போட்ட 'டீ'யை மட்டும் பாருங்கள்.

குறை அங்கேதான் என்றால் சரிசெய்வது பெரிய செலவில்லை. திருப்பூரிலோ காங்கேயத்திலோ எந்த லேத் பட்டறையிலும் அந்த மரைக்குப் பித்தளை பிளக் கடைந்து தருவார்கள், மரையில் சீலன்ட் தடவித் திருகினால் போதும். மேனிஃபோல்டு பிளாஸ்டிக்காக இருந்தால் அழுத்தித் திருகக் கூடாது, மரை வழன்றுவிடும். ஏற்கெனவே வழன்றிருந்து புது மரை போட வேண்டியிருந்தால் மேனிஃபோல்டை இறக்கிவிட்டுத்தான் டேப் (மரை வெட்டும் கருவி) விட வேண்டும். வண்டியிலேயே விட்டால் பிசிறு சிலிண்டருக்குள் போய் வால்வைக் கெடுக்கும். இதை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்டி 'டீ' போட்ட ஹோஸை ஒட்டுப் போடாமல் முழு நீளத்துக்குப் புதிதாக மாற்றிவிடுங்கள். அவசரத்துக்குச் சொட்டுநீர்ப் பாசன மைக்ரோ டியூபைச் செருகிய வண்டிகளை நம் ஊர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். என்ஜின் சூட்டில் அது விறைத்துக் கழன்றுவிடும்.

இன்னொன்று, ஆர்சி புத்தகத்தில் எல்பிஜி ஏறியிருந்து இன்னும் எடுக்காமல் இருந்தால் ஆர்டிஓ ஆபீசில் மாற்றிக்கொள்ளுங்கள், இன்சூரன்சிலும் சொல்லிவிடுங்கள். கிளெய்ம் வரும்போது தகராறு வேண்டாம்.

வேக்குவத்தை அளக்கும் கேஜ் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இதற்காக வேண்டாம். நல்ல என்ஜினில் சமவெளியில் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை முள் அசையாமல் நிற்கும். உங்கள் வண்டியில் ஆர்பிஎம்மோடு முள்ளும் ஆடும், அதிலிருந்து இடம் தெரியாது. யாராவது கேஜ் வைத்திருந்து பார்த்தாலும் 300 மீட்டர் ஏறினால் ஓர் அங்குலம் குறையும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். ஊட்டியில் அதே நல்ல என்ஜின் ஏழு அங்குலம்போலக் குறைத்துக் காட்டும்.

இவ்வளவு பார்த்தும் இடம் பிடிபடாவிட்டால், ஸ்மோக் டெஸ்ட் மெஷின் இருக்கிற பட்டறைக்குப் போங்கள், கோயம்புத்தூரில் கிடைக்கும். மேனிஃபோல்டுக்குள் புகையை மெல்ல விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். 1 பிஎஸ்ஐ அளவு அழுத்தம் போதும் அதற்கு. வீட்டில் பெயிண்ட் டப்பாவில் புகை உண்டாக்கி, டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரைச் சொருகும் வேலை வேண்டாம். அந்த அழுத்தத்தில் நல்ல சீல்களும் பிய்த்துக்கொள்ளும். இன்ஜெக்டரின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில்தான் லீக் என்று தெரிந்தாலும் நீங்களே கழற்றாதீர்கள், இன்ஜெக்டருக்கு வரும் குழாயில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கிறது.

ஒருவேளை த்ராட்டிலை மூடியதும் என்ஜின் பட்டென்று நின்றுவிட்டால் லீக் இல்லை. அப்போது ஐடில் காற்றுவழியை மூடித் திறக்கும் வால்வில் கரி பிடித்திருக்கிறதா, டெம்பரேச்சர் சென்சார் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈசிஎம் அதற்கெல்லாம் பிறகுதான்.

அப்பாவின் பொலிரோவில் இந்த உறுமல் இப்படி வராது. டீசல் என்ஜினை வேகப்படுத்துவது டீசலின் அளவு, காற்றை மூடித் திறந்து அல்ல. அதனால் அதன் மேனிஃபோல்டில் பெட்ரோல் வண்டி மாதிரி வேக்குவமே இருக்காது. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தைத் தனியாக ஒரு பம்ப் உண்டாக்குகிறது. அந்தப் பம்போ அதன் ஹோஸோ கெட்டால் உறுமாது, பிரேக் கல்லாகிவிடும். மேலே சொன்ன பெடல் சோதனையை அதிலும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.